செவிடன் காதில் ஊதிய சங்கு: காது மிஷினின் 200 ஆண்டுக் கதை

காது சரியாகக் கேட்காத ஒருவரைப் பற்றி வீட்டில் முதலில் சொல்லப்படுவது "அவருக்குக் காது கேட்கவில்லை" என்பது அல்ல. "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை", "எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை", "கவனமே இல்லை" என்பதுதான். கண் மங்கினால் ஒருவர் தடுமாறுவார். பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். காது மங்கினால் வெளியே எதுவும் தெரியாது. பல சமயம் அவருக்கே தெரியாது. மற்றவர்கள் எல்லாம் முணுமுணுப்பதாகத்தான் அவர் நினைப்பார்!

காது கேட்கும் கருவியின் வரலாறு தகரக் குழலில் தொடங்கி கம்ப்யூட்டர் சில்லில் வந்து நிற்கிறது. அந்த வரலாற்றைப் படித்தால் ஒன்று புரியும். கருவி செய்வது எவ்வளவு கடினமாக இருந்ததோ, "எனக்குக் கேட்கவில்லை" என்று உணர்வதும் அதை வாய்விட்டுச் சொல்வதும் அதே அளவுக்குக் கடினமாக இருந்திருக்கின்றன. இதற்கு மிகச் சிறந்த சாட்சி ஒரு கடிதம். அதை எழுதியவர் இசைமேதை பீத்தோவன்.

ஒரு கடிதமும் நான்கு குறைகளும்

1801ஆம் ஆண்டு ஜூன் 29. வியன்னாவில் இருந்த பீத்தோவன், தன் சிறுவயது நண்பரும் மருத்துவருமான வெகெலருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30. பியானோ வாசிப்பில் வியன்னாவே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஆனால் தன் காது நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிறது என்று அந்தக் கடிதத்தில் அவர் ரகசியமாகச் சொன்னார்.

அவர் சொன்ன குறைகளை இன்றைய காது மருத்துவர் படித்தால் வியந்துபோவார். அவ்வளவு துல்லியம்! முதலாவது, வாத்தியங்களின், பாடகர்களின் உச்ச ஸ்வரங்கள் சற்றுத் தள்ளி நின்றால் கேட்பதில்லை. இரண்டாவது, மெதுவாகப் பேசுபவரின் குரல் கேட்கிறது, சொற்கள் புரிவதில்லை. மூன்றாவது, யாராவது கத்திப் பேசினால் அதைத் தாங்க முடிவதில்லை. நான்காவது காதைப் பற்றியது அல்ல, மனதைப் பற்றியது. தனக்குக் காது கேட்காது என்று மனிதர்களிடம் சொல்ல முடியாததால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அவர் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

இன்னொன்றையும் அவர் ஆச்சரியத்துடன் குறிப்பிட்டார். தன்னுடன் பேசுபவர்கள் பலர் இந்தக் குறையைக் கவனிக்கவே இல்லையாம். அவருக்கு ஞாபகமறதியும் கவனமின்மையும் அதிகம் என்று ஏற்கெனவே பெயர் இருந்ததால், இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1802 அக்டோபரில், வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஷ்டாட் கிராமத்தில் தங்கியிருந்தபோது தன் தம்பிகளுக்கு உயில் போல ஒன்றை எழுதினார். பக்கத்தில் நிற்பவருக்கு இடையன் பாடுவது கேட்கிறது, தனக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை என்ற வேதனை அதில் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததையும், இசைதான் தன்னைத் தடுத்தது என்பதையும் அதில் எழுதினார். அந்தக் காகிதத்தை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. 1827இல் அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

பீத்தோவன் சொன்ன நான்கு குறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தீர்க்க உலகத்துக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின.

ஒளித்து வைக்கப்பட்ட குழல்கள்

அந்தக் காலத்தில் கிடைத்த முக்கியக் கருவி காதுக் குழல். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், ஏறக்குறைய புனல் போல இருக்கும். அகன்ற வாய் ஒலியைச் சேகரிக்கும், குறுகிய முனை அதைக் காதுக்குள் செலுத்தும். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக் கேட்கிறோமே, அதே தத்துவம்தான். மெட்ரோனோம் என்ற தாளக்கருவியால் புகழ்பெற்ற மெல்ட்சல், 1812க்கும் 1814க்கும் இடையில் பீத்தோவனுக்கு இப்படிச் சில குழல்களைச் செய்து கொடுத்தார். ஜெர்மனியின் பான் நகரில் பீத்தோவன் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம். ஆனால் அவை பெரிதாக உதவவில்லை. 1818 முதல் அவருடன் பேச வந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

குழல் ஏன் போதவில்லை? எல்லா ஒலியையும் ஓரளவு கூட்டித் தருவது மட்டுமே குழலுக்குத் தெரியும். எந்த ஒலி கேட்கவில்லையோ அதை மட்டும் கூட்ட அதற்குத் தெரியாது. பீத்தோவனின் முதல் மூன்று குறைகளில் ஒன்றைக்கூட அதனால் சரிசெய்ய முடியாது.

குழல் செய்தவர்கள் இதற்குள் வேறொரு பிரச்சினையில் மூழ்கியிருந்தார்கள். குழலை எப்படி மறைப்பது? 1800 வாக்கில் லண்டனில் தொடங்கிய ரைன் என்ற நிறுவனம் இதில் பேர்போனது. விசிறி, தொப்பி, கைத்தடி என்று எல்லாவற்றுக்குள்ளும் குழலை ஒளித்து வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. துக்கம் காக்கும் பெண்களுக்குக் கறுப்புத் துணி சுற்றிய குழல்கூட உண்டு.

இதில் உச்சம் போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜோவானுக்காக 1819இல் ரைன் செய்த சிம்மாசனம். அதன் கைப்பிடிகளின் முனையில் வாய் திறந்த சிங்கங்கள். மன்னரைப் பார்க்க வருபவர் மண்டியிட்டு அந்தச் சிங்கத்தின் வாயில் பேச வேண்டும். ஒலி நாற்காலிக்குள் புகுந்து, ஒரு குழாய் வழியாக மன்னரின் காதுக்குப் போகும். குனிந்து பேசியவருக்கு அது ராஜ மரியாதை. மன்னருக்கு அதுதான் காது மிஷின்!

மறைக்காத ஒரு பெண்

எல்லோரும் மறைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். அவர் ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ (1802-1876). சிறுமியாக இருந்தபோதே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. 20 வயதுக்குள் மிகவும் மோசமாகிவிட்டது. வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லாம் உன் தவறுதான், நீ கவனிப்பதே இல்லை என்றார்கள். கேட்க விரும்பாதவனைவிடப் பெரிய செவிடன் இல்லை என்ற ஆங்கிலப் பழமொழியை அவரிடமே சொன்னார்கள். மனம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில் அதைக் கேட்க நேர்ந்ததைப் பல ஆண்டுகள் கழித்துத் தன் சுயசரிதையில் அவர் பதிவு செய்தார். பீத்தோவனுக்கு நடந்ததேதான் இங்கேயும் நடந்தது. காதின் குறை, குணத்தின் குறையாகப் பார்க்கப்பட்டது.

1834இல் மார்ட்டினோ "காது கேளாதோருக்கு ஒரு கடிதம்" என்ற பொருளில் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள், குழலைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு ஆண்டுகள் குழலும் கையுமாக நாடு முழுக்கச் சுற்றி, அரசியல்வாதிகள் முதல் சாதாரண மக்கள் வரை பலரிடமும் பேசி, 1837இல் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். காது கேளாதவர் எப்படி ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியும் என்று கேட்கக்கூடியவர்களுக்கு அதன் முன்னுரையிலேயே பதில் சொல்லியிருந்தார். குழலில் பேச வருபவர் அருகில் உட்கார்ந்து மனம் திறந்து பேசுகிறார், கூட்டத்தில் பொதுவாகக் கேட்பதைவிட அதில் கிடைப்பது அதிகம் என்பதுதான் அந்தப் பதில்.

பீத்தோவனின் நான்காவது குறைக்கு மருந்து கண்டுபிடித்தவர் மார்ட்டினோதான். ஆனால் அந்த மருந்தைக் குடிக்க அதிகம் பேர் முன்வரவில்லை.

டெலிபோன் தந்த காது

1876இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் தாயாருக்குக் காது சரியாகக் கேட்காது. மனைவி மேபல் முற்றிலும் கேட்கும் திறனை இழந்தவர். பெல் காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். டெலிபோன் நேரடியாக அவர்களுக்கு உதவவில்லை. ஆனால் குரலை மின்சாரமாக மாற்றலாம், அந்த மின்சாரத்தை மறுபடியும் குரலாக மாற்றலாம் என்பதை அது நிரூபித்தது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்ற இளைஞர் இதைப் பிடித்துக்கொண்டார். டெலிபோனில் இருந்த கரித்தூள் மைக்கை வைத்து 1898 வாக்கில் மின்சாரக் காது கருவியைச் செய்தார். அதன் மேம்பட்ட வடிவம் "அகூஸ்டிகான்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காது கேளாத பிரிட்டிஷ் ராணி அலெக்ஸாண்ட்ரா அதைப் பயன்படுத்தியதால் அதன் புகழ் பரவியது. இதே ஹட்சிசன்தான் பிறகு "கிளாக்ஸன்" என்ற கார் ஹாரனையும் கண்டுபிடித்தார். ஹாரனால் காதைக் கெடுத்துவிட்டு மிஷின் விற்கிறார் என்று அவரைக் கேலி பேசியதும் உண்டு!

கரி மிஷினிலும் குறைகள் இருந்தன. கரகரவென்ற இரைச்சல் வரும். லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், ஒருவருக்கு எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு கேட்கவில்லை என்பதை அளக்க முறையான வழியே இன்னும் வரவில்லை.

அளந்து பார்க்கும் காலம்

அதுவரை மருத்துவர்கள் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடிப்பார்கள். வெபர், ரின்னே என்ற இரண்டு ஜெர்மானியர்களின் பெயரால் வழங்கும் அந்தச் சோதனைகளை இன்றும் செய்கிறார்கள். கோளாறு நடுக்காதிலா, உள்காதிலா என்று அவை சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை எவ்வளவு தூரத்திலிருந்து கேட்க முடிகிறது என்று பார்ப்பதும் உண்டு.

1922இல் நியூயார்க் காது மருத்துவர் எட்மண்ட் ஃபவுலரும் டெலிபோன் நிறுவனத்தின் விஞ்ஞானி வெகலும் சேர்ந்து உருவாக்கிய ஆடியோமீட்டர் வந்தது. தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து உச்ச ஸ்வரம் வரை ஒவ்வொரு ஒலியாகக் கேட்க வைத்து, எது எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று குறித்து, கட்டக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். அதுதான் ஆடியோகிராம். ஒலியை அளக்கும் "டெசிபல்" என்ற அலகும் அதே 1920களில் டெலிபோன் துறையிலிருந்து வந்ததுதான். அதிலுள்ள "பெல்", கிரஹாம் பெல்லின் பெயர்.

பீத்தோவனின் முதல் குறை இப்போது காகிதத்தில் தெரிந்தது. உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வாசல் பக்கம் உள்ள நுண்ணிய முடிச்செல்கள் உச்ச ஒலிகளையும், உள்ளே தள்ளி இருப்பவை தாழ்ந்த ஒலிகளையும் உணர்கின்றன. வயதாலும் இரைச்சலாலும் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது வாசல் பக்கம்தான். அதனால் ஆடியோகிராமில் கோடு இடது பக்கம் நன்றாக இருந்து, வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழும்.

இரண்டாவது குறைக்கும் இதுவே விளக்கம். பேச்சில் உயிர் ஒலிகள் தாழ்ந்தவை, பலமானவை. பல மெய் ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பங்கள் உச்ச ஒலியில் இருக்கின்றன, அவை பலவீனமானவை. ஆகவே "கட்டு", "பட்டு", "தட்டு" மூன்றும் ஒன்று போலவே கேட்கும். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை. "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியலை" என்று பெரியவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல, உள்காதின் நேர்மையான வாக்குமூலம்.

வால்விலிருந்து சில்லுக்கு

அடுத்து வந்தது ரேடியோவில் இருந்த வால்வு. ஒலியைப் பல மடங்கு பெருக்கும், கரகரப்பும் குறைவு. 1935இல் எட்வின் ஸ்டீவன்ஸ் லண்டனில் செய்த கருவி, உடம்பில் மாட்டிக்கொள்ளக்கூடிய முதல் வால்வு மிஷின்களில் ஒன்று. எடை ஒரு கிலோவுக்கும் மேல்! வால்வைச் சூடாக்க ஒரு பேட்டரி, இயக்க இன்னொரு பேட்டரி. ஆனாலும் மக்கள் சுமந்தார்கள். 1948இல் பிரிட்டனில் அரசின் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, "மெட்ரெஸ்கோ" என்ற மிஷின் மக்களுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது முதலில் ரேடியோவில் வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1952 டிசம்பர் இறுதியில் சோனோடோன் நிறுவனம் வெளியிட்ட காது மிஷினில்தான் அது முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன் விலை 229.50 டாலர். கிரஹாம் பெல்லின் நினைவாக, காது கருவி செய்பவர்களிடம் பெல் ஆய்வகம் டிரான்சிஸ்டருக்கு ராயல்டி வாங்கவில்லை. ஒருங்கிணைந்த சுற்று எனப்படும் சில்லும் இதே வழியில் வந்தது. 1964இல் ஸெனித் நிறுவனத்தின் காது மிஷினில்தான் அது பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. டிரான்சிஸ்டரையும் சில்லையும் உலகம் முதலில் காதில் மாட்டிக்கொண்டது!

மிஷின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்துக்கும், அங்கிருந்து காதுக்குப் பின்னாலும், பிறகு காதுக்குள்ளும் போனது. விளம்பரங்களில் "யாருக்கும் தெரியாது" என்பதே பெரிய வாக்குறுதி. குழலை விசிறிக்குள் ஒளித்த அதே வெட்கம்தான் இதிலும். 1983இல் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் காதில் மிஷினுடன் வெளிப்படையாகத் தோன்றியது பெரிய செய்தியானது. சினிமாவில் நடித்த காலத்தில் காதருகே துப்பாக்கி வெடித்ததால் வந்த குறை என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் மிஷின் விற்பனை கூடியது. ஒரு நாட்டின் அதிபர் போட்டுக்கொண்டால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வருகிறது!

சத்தம் வேறு, தெளிவு வேறு

மூன்றாவது குறை மட்டும் பாக்கி இருந்தது. மெதுவாகப் பேசினால் கேட்காது, கத்தினால் தாங்காது. முடிச்செல்கள் பாதிக்கப்பட்ட காதில் மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. இதை 1930களில் விளக்கியவர், ஆடியோமீட்டர் செய்த அதே ஃபவுலர். எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கும் மிஷின் இந்தக் காதுக்குத் தண்டனை. தட்டு கீழே விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கும். வாங்கிய மிஷினைப் பெரியவர்கள் டப்பாவில் போட்டு மூடி வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்குத் தீர்வு சொன்னவர் ஒலிபெருக்கித் துறையில் புகழ்பெற்ற எட்கர் வில்ச்சர். மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்க வேண்டும், அதையும் தாழ்ந்த ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று 1973இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். பெல் ஆய்வகத்தில் 1980களில் அதைச் செயல்படுத்தினார்கள். 1996இல் டென்மார்க் நிறுவனங்களான வைடெக்ஸும் ஓட்டிகானும் காதில் மாட்டும் முழு டிஜிட்டல் மிஷின்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒருவரின் ஆடியோகிராமைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அவர் காதுக்கு ஏற்றபடி மிஷினைச் செதுக்குவது அதன் பிறகு வழக்கமானது. பீத்தோவனின் கடிதத்திலிருந்து எண்ணினால் 195 ஆண்டுகள்!

வரலாறு சொல்லும் யோசனை

இன்று மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறே நல்ல வழிகாட்டி.

முதலில் அறிகுறிகள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போவது, கூட்டத்தில் மட்டும் பேச்சு புரியாமல் இருப்பது, "என்ன?" என்று கேட்பது அதிகமாவது, கேட்காமலே தலையாட்டிச் சிரிப்பது, குருவிச் சத்தம் காணாமல் போவது, விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது. இவற்றில் பலவற்றை பீத்தோவனிடம் பார்த்தாயிற்று.

அடுத்து, மிஷின் கடைக்கு முன்னால் காது மருத்துவர். வெறும் அழுக்கு அடைத்திருக்கலாம், நடுக்காதில் நோய் இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று காது அடைத்துப்போனால் அது அவசர சிகிச்சைக்கு உரியது, ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பிறகு ஆடியோகிராம். அது இல்லாமல் மிஷின் வாங்குவது, கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி வாங்குவது போல.

"சின்னதாக, தெரியாததாக" என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். காதுக்குள் மறையும் சிறிய மிஷின், கடுமையான குறைபாட்டுக்குப் போதாமல் போகலாம். நடுங்கும் விரல்களால் அதன் பேட்டரியை மாற்றுவதும் சிரமம். காதுக்குப் பின்னால் மாட்டுவது அதிகச் சக்தி உள்ளது, கையாள எளிது. இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்று அறிய இரண்டு காதும் தேவை. கத்தும் ஒலி தாங்கக்கூடியதாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, பிறகும் சில முறை போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாளே "சரியில்லை" என்று கழற்றி வைத்துவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, செவித்திறன் குறைபாட்டுக்கு உதவி தேவைப்படுபவர்கள் உலகில் 43 கோடிக்கும் மேல். மிஷினால் பயன்பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேரே அதைப் பயன்படுத்துகிறார்கள். விலையும் வசதியின்மையும் பெரிய காரணங்கள். வெட்கமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே மிஷின் வாங்கலாம். 2024இல், பாட்டு கேட்கும் ஏர்பாட்ஸ் புரோ 2ஐயே காது கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. பஸ்ஸில், கல்லூரியில், கடைத்தெருவில் இளைஞர்கள் எல்லோர் காதிலும் இன்று ஏதோ ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. யாரும் மறைப்பதில்லை. பாட்டு கேட்பதற்கு இல்லாத வெட்கம், பேச்சு கேட்பதற்கு மட்டும் எதற்கு?

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று தமிழிலும் ஒரு பழமொழி இருக்கிறது. சொன்னதைக் கேட்காதவர்களைத் திட்டுவதற்குத்தான் அது பயன்படுகிறது. மார்ட்டினோவின் வீட்டில் சொல்லப்பட்ட பழமொழிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அடுத்த முறை வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் கோபப்படுவதற்கு முன் அருகில் போய், முகம் பார்த்து, நிதானமாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அவர் கேட்க மறுக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை என்பது தெரியவரலாம். அப்படித் தெரிந்தால், அடுத்த வேலை அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான்.